இளையோர் பணி என்னும் தொகை: கத்தோலிக்கத் திருஅவையின் இளையோர் பணியில் நோக்கமும் நடைமுறையும்

ஆய்வுச்சுருக்கம்

கத்தோலிக்கத் திருஅவையில் 'இளையோர் பணி' என வழங்கும் செயற்பாட்டின் நோக்கம் யாது, அந்நோக்கம் நடைமுறையில் எவ்வாறு நிறைவேறுகிறது அல்லது பிறழ்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 'இளையோர் பணி' என்னும் தொகைச்சொல் நான்காம் வேற்றுமையிலும் மூன்றாம் வேற்றுமையின் பல பொருள்களிலும் விரியக்கூடியது. அவ்விரிகளையே ஆய்வுச் சட்டகமாகக் கொண்டு, புனித தொன் போஸ்கோவின் கல்வி முறை, கர்தினால் யோசேப்பு கார்டைன் தொடங்கிய இளங்கிறித்தவத் தொழிலாளர் இயக்கம், உலக இளையோர் நாள், 2018ஆம் ஆண்டு ஆயர் மாமன்றம், அதைத் தொடர்ந்து வெளிவந்த 'கிறிஸ்து வாழ்கிறார்' திருத்தூது ஊக்கவுரை ஆகியவை நோக்கப்படுகின்றன. இளையோர் கருவியாக நிற்பதைக் கருத்தாவாக நிற்பதாகக் கொள்ளும் மயக்கமே இன்றைய நடைமுறையின் அடிப்படைச் சிக்கல் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இளையோர் பணி, தொன் போஸ்கோ, கார்டைன், உடன்பயணித்தல், தெளிந்து தேர்தல், வேற்றுமைத்தொகை, கருத்தா.

முன்னுரை

தமிழ்நாட்டின் கத்தோலிக்கப் பங்குகளில் இளையோர் இல்லாமல் எந்த விழாவும் நடைபெறுவதில்லை. கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை, கிறிஸ்து பிறப்புக் குடில் முதல் பாடுகளின் நாடகம் வரை அவர்தம் உழைப்பு கண்கூடானது. பாடகர் குழுவும் மறைக்கல்வி வகுப்புகளும் பல இடங்களில் அவர்களையே நம்பியுள்ளன. ஆயினும், ஆண்டுக் கணக்கில் கோவில் வேலைகளைத் தோளில் சுமந்த ஓர் இளைஞர் வேலை கிடைத்து வெளியூர் சென்றபின் அந்த ஊரின் பங்கை ஒருமுறையேனும் நாடுகிறாரா என்ற வினாவுக்கு எல்லாப் பங்குகளும் நிறைவான விடை கூற இயலாது. இவ்வளவு செயலுக்குப் பின்னும் அவரிடத்தில் நிலைத்து நிற்பது எது என்பதே இளையோர் பணியின் நோக்கம் பற்றிய வினாவாகும்.

'இளையோர்' என்பதற்குத் திருஅவை ஏடுகள் கொள்ளும் வயது வரையறை கருதத்தக்கது. 2018ஆம் ஆண்டு மாமன்றம் 16 முதல் 29 வரையுள்ள அகவையினரை இளையோர் எனக் கொண்டது. இந்திய அரசின் 2014ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வரை எனக் கொண்டது. கல்வி, வேலை, திருமணம், இடப்பெயர்வு என வாழ்வின் பெருமுடிவுகள் பலவும் இப்பதினைந்து ஆண்டுகளுக்குள் அமைகின்றன. ஆகவே இளையோர் பணியைக் குழந்தைகளுக்கான மறைக்கல்வியின் நீட்சியாக மட்டும் கருத இயலாது. முடிவெடுக்கும் பருவத்தில் உள்ளோரோடு தொடர்புடைய பணி அது. முடிவெடுக்கும் ஆற்றலை அது வளர்க்கிறதா என்பதே அதன் உரைகல்லாக அமைதல் வேண்டும்.

தொகையும் விரியும்

'இளையோர் பணி' என்பது வேற்றுமைத்தொகை. உருபோடு வினைப்பயனும் உடன்தொக்கு நிற்பதால் அது ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் விரிவதற்கு இடம் தருகிறது. 'இளையோருக்கு ஆற்றும் பணி' என விரிப்பின் நான்காம் வேற்றுமையாகும். இங்கு இளையோர் கொள்வோர், கொடுப்போர் வேறொருவர். 'இளையோரோடு ஆற்றும் பணி' என விரிப்பின் மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளாகும். 'இளையோரால் ஆற்றப்படும் பணி' என விரிப்பின் அதே வேற்றுமையின் கருத்தாப் பொருளாகும்.

இங்கு இரண்டு இலக்கணக் குறிப்புகள் நம் ஆய்வுக்குப் பெரிதும் துணை செய்கின்றன. முதலாவது, மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபு கருத்தாவுக்கு மட்டும் உரியதன்று. கருவிக்கும் அதுவே உருபு. கருத்தாவும் ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா என இருவகைப்படும். அரசனால் கட்டப்பட்ட கோவில் என்னும்போது அரசன் ஏவியவன். தச்சனால் கட்டப்பட்டது என்னும்போது தச்சன் இயற்றியவன். 'இளையோரால் விழா நடந்தது' என்ற தொடரைக் கேட்ட அளவில் அவர்கள் விழாவைத் திட்டமிட்டு நடத்தினரா, பிறர் திட்டத்துக்குக் கையாகவும் காலாகவும் நின்றனரா என்பது விளங்காது. மொழியில் உள்ள இம்மயக்கம் நடைமுறையிலும் உண்டு.

இரண்டாவது, ஒரு வினையை இருவர் சேர்ந்து செய்யுமிடத்து 'ஒடு' உருபு உயர்ந்தோரைக் குறிக்கும் சொல்லின் பின்னரே வரும் என்பது தொல்காப்பியர் கூறும் விதி. அரசனும் ஏவலரும் உடன்வரும் காட்சியை எடுத்துக்காட்டும் உரைமரபில் உருபு அரசன்மேல் ஏறும். ஏவலராகிய இளையர் எழுவாயாக நிற்பர். இதனைப் பொருத்திப் பார்ப்பின், 'இளையோரோடு நடக்கும் அருள்பணியாளர்' என்னும் தொடரில் உருபு இளையோர்மேல் ஏறி நிற்கிறது. உடன்பயணித்தல் என்று திருஅவை இன்று பேசும் கருத்து, பயணத்தின் வேகத்தையும் திசையையும் இளையோர் பக்கம் வைத்துப் பேசும் கருத்தாகும். இவ்விலக்கண நுட்பத்தைக் கோட்பாட்டுக்குச் சான்றாகக் கொள்ளவில்லை. பொருளை வேறுபடுத்திக் காணும் கண்ணாடியாக மட்டுமே இக்கட்டுரை அதைப் பயன்படுத்துகிறது.

இளையோரோடு: தூரின் நகர் காட்டிய வழி

வட இத்தாலியில் 1815இல் பிறந்த யோவான் போஸ்கோ, 1841 ஜூன் மாதம் தூரின் நகரில் அருள்பணியாளராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தொழில் வளர்ச்சியால் பெருகிக்கொண்டிருந்த அந்நகருக்குச் சிற்றூர்களிலிருந்து கொத்தர்களாகவும் சிற்றாள்களாகவும் சிறுவர் பலர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் சிலரை அவர் சிறைகளில் சந்தித்தார். விடுதலை பெற்று வெளியேறியவர்கள் தம்மீது அக்கறை கொள்வார் இன்மையால் மீண்டும் சிறைக்கே திரும்புவதைக் கண்டதே அவர் பணியின் தொடக்கம்.

அவர் தம் நினைவுக்குறிப்புகளில் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி ஒன்று அவரது முறையின் சுருக்கமாக அமைகிறது. 1841 டிசம்பர் 8 அன்று புனித அசிசியின் பிரான்சிஸ் கோவிலின் திருப்பண்ட அறையில், திருப்பலிக்கு உதவி செய்யத் தெரியாத ஒரு சிறுவனைக் கோவில் பணியாள் அடித்து விரட்டினார். போஸ்கோ அச்சிறுவனைத் தம் நண்பன் எனக் கூறித் திரும்ப அழைக்கச் செய்தார். பெயர், ஊர், பெற்றோர் பற்றி வினவினார். படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டவர், இறுதியில் சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்றும் கேட்டார். அந்த வினாவுக்குத்தான் சிறுவன் சிரித்தான். பர்த்தலோமேயு கரெல்லி என்னும் அச்சிறுவனோடு தொடங்கிய மறைக்கல்வி வகுப்பு, பல இடங்களில் அலைந்தபின் 1846ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று வல்தொக்கோ பகுதியில் ஒரு கொட்டகையில் நிலைபெற்றது. இறைவேண்டல், பாடம், விளையாட்டு, தொழிற்பயிற்சி ஆகிய நான்கும் ஒரே முற்றத்தில் அமைந்த 'ஆரட்டரி' என்னும் அமைப்பு அவ்வாறு உருப்பெற்றது.

இம்முயற்சி அருளுரையோடு நின்றுவிடவில்லை. சிறுவர்கள் தொழில் பழகும் பட்டறை முதலாளிகளோடு போஸ்கோ எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்தார். 1852ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஒப்பந்தம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. சிறுவனைச் சொல்லால் திருத்த வேண்டும், அடிக்கலாகாது; தொழிலுக்குத் தொடர்பில்லாத வேலைகளில் ஈடுபடுத்தலாகாது; ஓய்வு நாள்களை மறுக்கலாகாது என்பன போன்ற கூறுகள் அதில் உள்ளன. மறைக்கல்வியும் உழைப்பு உரிமையும் ஒரே கையால் எழுதப்பட்டன என்பது இளையோர் பணியின் வரலாற்றில் குறிக்கத்தக்கது.

1859 டிசம்பரில் சலேசிய சபையும், 1872இல் மரிய தொமேனிக்கா மசரெல்லோவோடு இணைந்து சலேசிய அருள்சகோதரிகள் சபையும் தொடங்கப்பெற்றன. 1877இல் அவர் எழுதிய சிறு நூல் தம் முறையைத் 'தடுப்பு முறை' என்று பெயரிட்டு விளக்குகிறது. தவறு நேர்ந்தபின் தண்டிக்கும் அடக்குமுறைக்கு மாற்றாக, அறிவு, இறைப்பற்று, அன்பு ஆகிய மூன்றையும் அடித்தளமாகக் கொண்டு இளையோரின் நடுவில் ஆசிரியர் வாழ்வதை அது வற்புறுத்துகிறது. 1884 மே மாதம் உரோமையிலிருந்து தம் சபையினருக்கு அவர் எழுதிய மடல் இதனினும் கூர்மையானது. அன்பு செலுத்தினால் மட்டும் போதாது, தாம் அன்பு செய்யப்படுவதை இளையோர் உணரவும் வேண்டும் என்பது அதன் சாரம். ஆசிரியர்கள் விளையாட்டு முற்றத்தை விட்டு விலகி மேற்பார்வையாளர்களாக மாறிவிட்டதை அவர் அம்மடலில் வருந்திக் குறிக்கிறார். நிறுவனம் வளர்ந்தபோது முற்றம் வெறுமையாயிற்று என்பது நிறுவியவரே தம் வாழ்நாளில் கண்ட உண்மை.

1906ஆம் ஆண்டு தந்தை தொமாத்திஸ் தலைமையில் சலேசியர்கள் தஞ்சாவூருக்கு வந்தனர். இந்தியாவில் அவர்களது முதல் இல்லம் தமிழ் மண்ணிலேயே அமைந்தது. தொழிற்பயிற்சி நிலையங்கள், கல்விக்கூடங்கள், தெருவோரச் சிறுவருக்கான இல்லங்கள் எனப் பின்னர் அப்பணி விரிந்தது. தஞ்சையில் தொடங்கிய அம்மரபு வேற்றுமை விரியில் 'ஓடு' என்பதற்கு உரியது. அதன் வலிமை உடனிருப்பு. இளையோர் எப்போது தாமே முடிவெடுப்பர் என்ற வினாவை அது போதிய அளவு எழுப்புவதில்லை என்பது அதன் எல்லை. தந்தையின் அன்பு பிள்ளையை என்றும் பிள்ளையாகவே வைத்திருக்கும் வாய்ப்பும் உண்டு.

இளையோரால்: பிரசெல்ஸ் நகர் காட்டிய வழி

அவ்வினாவை எழுப்பியவர் பெல்ஜிய நாட்டு அருள்பணியாளர் யோசேப்பு கார்டைன். 1882இல் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அவர், குருமட விடுமுறையில் ஊர் திரும்பியபோது, தம்மோடு பள்ளியில் பயின்று ஆலைக்குச் சென்ற தோழர்கள் தம்மை அயலாராக நோக்கியதைக் கண்டு அதிர்ந்தார். ஆலை அவர்களது நம்பிக்கையையும் தன்மதிப்பையும் சேர்த்தே பறித்திருந்தது. 1906இல் திருநிலை பெற்று, 1912 முதல் பிரசெல்சுக்கு அருகிலுள்ள லாக்கன் பங்கில் இளம் தொழிலாளரைக் குழுக்களாகத் திரட்டினார். பெர்னான் தொன்னே, பால் கார்சே, ஜாக் மேர்ட் ஆகிய இளம் பொதுநிலையினர் மூவர் அவரோடு முன்னின்றனர். 1925இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் அவரைச் சந்தித்து ஆதரவளித்தபின் இளங்கிறித்தவத் தொழிலாளர் இயக்கம் முறையாக எழுந்தது.

வாழ்வின் மெய்ந்நிலையைப் பார்த்தல், நற்செய்தியின் ஒளியில் அதனை எடைபோட்டுத் தேர்தல், தேர்ந்ததைச் செய்தல் என்னும் மூன்று படிகள் இவ்வியக்கத்தின் முறையாகும். ஒவ்வொரு படியையும் இளம் தொழிலாளரே ஏற வேண்டும் என்பது கார்டைனின் தளராத நிலைப்பாடு. ஒரு சிறு குழுவினர் தம் ஆலையில் வேலை நேரம் எவ்வளவு, சிறார்க்கு எத்தகைய வேலை தரப்படுகிறது, பெண்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பவற்றைத் தாமே கேட்டு அறிந்து குழுவில் வைப்பர். நற்செய்திப் பகுதியோடு அவற்றை ஒப்பிட்டு ஆராய்வர். அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய செயல் ஒன்றை வரையறுப்பர். பின்னர்க் கூடும்போது அச்செயலையே மறுபடியும் ஆராய்வர். அருள்பணியாளர் அங்கு வழித்துணையாக இருப்பாரேயன்றித் தலைவராக இரார்.

இறைவன் படைப்பில் ஒவ்வோர் இளம் தொழிலாளரும் முடிவில்லா மதிப்பு உடையவர் என்பது நம்பிக்கையின் உண்மை. ஆலையில் அவர் எந்திரத்தின் ஓர் உறுப்பாக நடத்தப்படுவது வாழ்வின் உண்மை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முரணைத் தீர்க்கும் வழியாகவே கார்டைன் தம் முறையை முன்வைத்தார். எனவே இளையோர் செயல்படுவதை ஓர் உத்தியாக மட்டும் அவர் கருதவில்லை; செயல்படுவதன் வாயிலாகவே அவர்கள் உருவாகின்றனர் என்றார். அவ்வுருவாக்கத்தின் ஆழத்துக்கு வரலாறு சான்று தருகிறது. தொன்னேயும் கார்சேயும் இரண்டாம் உலகப்போரில் நாசிகளால் சிறைப்பிடிக்கப்பட்டு, 1945இல் தாக்காவ் வதைமுகாமில் உயிர்நீத்தனர்.

இம்மரபு திருஅவையின் பொதுப் போதனைக்குள் படிப்படியாக நுழைந்தது. 1931ஆம் ஆண்டுச் சமூகச் சுற்றுமடல் தொழிலாளருக்கு முதல் திருத்தூதர் தொழிலாளரே எனக் கூறியது. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவானின் 'அன்னையும் ஆசிரியையும்' சுற்றுமடல் பார்த்தல், தேர்தல், செய்தல் என்னும் முறையை வெளிப்படையாகப் பரிந்துரைத்தது. 1965 பிப்ரவரியில் கர்தினாலாக உயர்த்தப்பட்ட கார்டைன் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறுதி அமர்வில் பங்கேற்றார். அவ்வாண்டு நவம்பரில் சங்கம் வெளியிட்ட பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏடு, தொழிலாளர் பற்றிக் கூறப்பட்ட அதே கருத்தை விரித்து, இளையோருக்கு முதல் திருத்தூதர் இளையோரே ஆக வேண்டும் என அறிவித்தது. 'ஆல்' உருபு இவ்வாறு சங்க ஏட்டில் இடம்பெற்றது.

இவ்வழிக்கும் இடர்கள் உண்டு. சமூகப் பகுப்பாய்வு முதன்மை பெற்றபோது, பன்னாட்டு இயக்கத்தின் சில நிலைப்பாடுகள் குறித்து உரோமைத் தலைமையோடு கருத்து வேறுபாடு எழுந்தது. 1980களில் மற்றொரு பன்னாட்டு ஒருங்கிணைப்பு அமைப்புத் தோன்றி இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. இளையோர் உண்மையாகவே கருத்தாவாகும்போது அவர்தம் முடிவு எப்போதும் தலைமையின் எதிர்பார்ப்போடு ஒத்துச் செல்லாது. இளையோரை வளர்க்க விரும்பும் நிறுவனம் முன்னதாகவே ஏற்றுக்கொள்ள வேண்டிய விலை அது.

பெருங்கூட்டமும் அன்றாட வாழ்வும்

1984ஆம் ஆண்டு மீட்பின் யூபிலி நிறைவில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒரு மரச்சிலுவையை இளையோரிடம் ஒப்படைத்தார். ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டு இளைஞர் ஆண்டாக அறிவித்த 1985இல் குருத்து ஞாயிறன்று இளையோர் உரோமையில் கூடினர். அவ்வாண்டு டிசம்பரில் உலக இளையோர் நாள் நிறுவப்பெற்றது. 1987இல் புவெனஸ் ஐரிசில் தொடங்கிப் பல நாடுகளில் நடைபெற்ற பெருங்கூட்டங்களுள் 1995ஆம் ஆண்டு மணிலாவில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது; அதன் நிறைவுத் திருப்பலியில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். 2023இல் லிஸ்பன் நகரில் இந்நாள் கொண்டாடப்பட்டது.

சிறுபான்மையாக வாழும் இளையோருக்குத் தாம் தனியர் அல்லர் என்னும் உணர்வை இக்கூட்டங்கள் தருகின்றன. ஒப்புரவு அருளடையாளம், மறையுரைகள், இரவுநேர இறைவேண்டல், நெடுநடை ஆகியவை பலருக்கு வாழ்வின் திருப்புமுனையாக அமைகின்றன. எனினும் வானூர்திக் கட்டணமும் நுழைவு இசைவும் பெற இயலாத இளையோருக்கு அது தொலைக்காட்சிக் காட்சியாகவே நிற்கிறது. இக்குறையை உணர்ந்தே தல மறைமாவட்டங்களில் இந்நாளைக் கொண்டாடுவதற்கான மேய்ப்புப்பணி வழிகாட்டுதல்கள் 2021இல் வெளியிடப்பட்டன. கொண்டாட்டமும் குருத்து ஞாயிறிலிருந்து கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு மாற்றப்பட்டது.

பெருங்கூட்டம் ஒரு தொடக்கமாகவோ நிறைவாகவோ அமையலாம். இடைப்பட்ட அன்றாட உருவாக்கத்துக்கு அது ஈடாகாது. திருவிழா முடிந்தபின் பந்தல் பிரிக்கப்படும். பந்தலுக்குக் கீழே வேர் பிடித்த ஒன்று உண்டா என்பது பின்னரே தெரியும்.

மாமன்றமும் ஊக்கவுரையும்

2018 அக்டோபர் 3 முதல் 28 வரை உரோமையில் நடந்த ஆயர் மாமன்றம் இளையோர், நம்பிக்கை, அழைத்தலைத் தெளிந்து தேர்தல் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டது. அதற்கு முன், மார்ச் மாதம், பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 300 இளையோர் உரோமையில் கூடி ஓர் அறிக்கை உருவாக்கினர். இணையவழியாகவும் பலர் பங்கேற்றனர். மாமன்ற அவையில் இளையோர் பார்வையாளராக அமர்ந்து பேசினர். ஆயினும் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. தம்மைப் பற்றிய மாமன்றத்தில் தாமே வாக்களிக்க இயலாத நிலை அன்றே வினாவுக்கு உள்ளாயிற்று. 2023ஆம் ஆண்டு மாமன்ற அமர்வில்தான் ஆயர் அல்லாதார் பலர், இளையோர் உட்பட, வாக்குரிமை பெற்ற உறுப்பினராயினர். ஐந்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இம்மாற்றம் 'கு' என்பதிலிருந்து 'ஆல்' என்பதை நோக்கி நகர்ந்த ஓர் அடியாகும்.

2019 மார்ச் 25 அன்று லொரேத்தோ திருத்தலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் கையொப்பமிட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' ஊக்கவுரை ஒன்பது இயல்களும் 299 பத்திகளும் கொண்டது. அதன் ஏழாம் இயல் இளையோர் பணிக்கு உரியது. இளையோரே இப்பணியின் செயலாளர்கள் என்பதை அது வலியுறுத்துகிறது. அவர்களுக்கு உடன்பயணமும் வழிகாட்டலும் தேவை, ஆனால் புதிய வழிகளைத் தேடும் உரிமையும் வேண்டும் என்கிறது. இப்பணிக்கு இரு திசைகளை அது வகுக்கிறது. புதியவரைத் தேடிச் செல்லுதல் ஒன்று. ஏற்கெனவே நம்பிக்கை கொண்டோர் முதிர்ச்சி அடைதல் மற்றொன்று. கிறிஸ்துவைச் சந்தித்த அனுபவத்தோடு வந்த இளையோருக்குக் கோட்பாட்டு வகுப்புகளையும் ஒழுக்க விதிகளையும் மட்டும் அளித்து அந்த அனல் அடங்கச் செய்யும் போக்கை அது கண்டிக்கிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கான குழுக்களுக்கு அப்பால், தெருவிலும் குடியிருப்பிலும் இயல்பாகத் தலைமை ஏற்போரை அடையாளம் காணும் மக்கள்மைய இளையோர் பணியையும் அது பரிந்துரைக்கிறது.

இவ்வூக்கவுரை எம்மாவு நிகழ்வை நினைவூட்டுவது பொருத்தமானது. லூக்கா நற்செய்தி 24ஆம் அதிகாரம் கூறும் அந்நிகழ்வில், எருசலேமை விட்டு விலகிச் செல்லும் இரு சீடரோடு உயிர்த்த இயேசு நடக்கிறார். அவர்கள் தவறான திசையில் செல்கின்றனர் என்று முதலில் தடுக்கவில்லை, வினவுகிறார், கேட்கிறார். பின்னரே கடிந்துகொண்டு மறைநூலை விளக்குகிறார். அப்பம் பிட்கும்போது கண்கள் திறக்கின்றன. அக்கணமே அவர் மறைகிறார். எருசலேமுக்குத் திரும்புமாறு அவர் அவர்களை ஏவவில்லை. இரவோடு இரவாகத் திரும்பும் முடிவை அவர்களே எடுக்கின்றனர். உடனிகழ்ச்சியாகத் தொடங்கிய பயணம் அவர்களைக் கருத்தாவாக்கி நிறைவுறுகிறது. உடன்நடந்தவர் மறைவது இங்குக் கைவிடுதல் ஆகாது. பணி முதிர்ந்ததன் அடையாளமாகும்.

உடன்பயணத்துக்குரிய எச்சரிக்கையையும் ஊக்கவுரை மறைக்கவில்லை. அதிகாரத் தவறும் மனச்சான்றின்மீதான அத்துமீறலும் பாலியல் வன்கொடுமையும் திருஅவைக்குள் நிகழ்ந்துள்ளதை அது ஒப்புக்கொண்டு, குருத்துவ அதிகார மனப்பான்மையை அதன் ஊற்றுகளுள் ஒன்றாகக் காட்டுகிறது. நெருக்கம் இல்லாமல் உடன்பயணம் இல்லை. ஆனால் பொறுப்புக்கூறல் இல்லாத நெருக்கம் இளையோருக்குத் தீங்காக முடியும். ஆகவே பாதுகாப்பு நெறிமுறைகளும், முறையிடுவதற்கு ஒரு வழியும், வழிகாட்டுவோருக்குப் பயிற்சியும் இளையோர் பணியின் உள்ளடக்கமாகவே கருதத்தக்கவை.

பங்கு நிலையில் நடைமுறை

தமிழகத்தில் பங்கு, மறைவட்டம், மறைமாவட்டம், மாநிலம் என்ற அடுக்குகளில் இளையோர் பணிக்குழுக்கள் அமைந்துள்ளன. 1924ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு சென்னையை மையமாக உடைய அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு போன்ற மாணவர் இயக்கங்களும், இளம் மாணவர், இளம் தொழிலாளர் இயக்கங்களும் இயங்கி வந்துள்ளன. அமைப்புக்குக் குறைவில்லை. எனினும் பல பங்குகளில் இளையோர் பணி என்பது விழா வேலைகளின் பட்டியலாகச் சுருங்கும் நிலை காணப்படுகிறது. அங்கு இளையோர் இயற்றுதல் கருத்தாவாக நிற்கின்றனர். ஏவுதல் கருத்தா வேறொருவர். சில வேளைகளில் அவர்கள் கருவி என்னும் நிலைக்கும் இறங்கிவிடுகின்றனர்.

உழைப்பை இழிவாகக் கருதி இதைக் கூறவில்லை. சேர்ந்து பந்தலிடுவதில் தோழமை பிறக்கிறது. பாடுகளின் நாடகத்தில் நடித்தவர் பாடுகளை மறப்பதில்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். நூற்பாலைகள் நிறைந்த ஊரொன்றின் பங்கில் இளையோர் குழு ஞாயிறு மாலை கூடுகிறது. உறுப்பினருள் பாதிப்பேர் ஆலையில் முறைமாற்றிப் பணி செய்வோர். சிலர் இருசக்கர வாகனத்தில் உணவு கொண்டு சேர்ப்போர். கூட்டத்தின் பொருள் வரவிருக்கும் ஆண்டுவிழா மட்டுமே எனில், அவர்தம் வாரத்தின் ஆறு நாள்களும் அவ்வறைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அதே குழு இருபது நிமிடம் ஒதுக்கி, இரவுப்பணி முடிந்து வரும் ஒரு பெண்ணின் பயணப் பாதுகாப்பை எடுத்து ஆராயுமாயின், கார்டைனின் முதற்படியில் அது கால் வைத்ததாகும். நற்செய்தியில் வழிப்போக்கருக்கு அயலாராக நின்ற சமாரியரின் உவமையை அதனோடு இணைத்து வாசிப்பது இரண்டாம் படி. ஆலை நிருவாகத்திடம் பேருந்து நிறுத்தம் குறித்து மனு அளிப்பதும், பேருந்து கிடைக்கும்வரை முறைவைத்து உடன்செல்வதும் மூன்றாம் படி. இதற்குப் பெருநிதி வேண்டா. கூட்டத்தின் பொருளை யார் தீர்மானிக்கிறார் என்பதில் மாற்றம் வேண்டும்.

சாதிப் பாகுபாடு, பெண்களின் தலைமை, கல்விக்கடன், சமயம் கடந்த நட்பும் திருமணமும் போன்ற பொருள்கள் இளையோரின் உரையாடலில் நாள்தோறும் உள்ளன. இவை பேசப்படாத குழுவில் ஒற்றுமை நிலவுவது போலத் தோன்றலாம். ஆனால் அவற்றைப் பேசுவதற்குரிய இடமாகத் திருஅவையை இளையோர் கருதாமல் போவதே அதன் விளைவு. தொன் போஸ்கோவின் மொழியில் கூறின், முற்றம் வெறுமையாகி மேற்பார்வை மட்டும் எஞ்சும்.

நோக்கத்தை அளக்கும் வினாக்கள்

மேற்கண்ட மரபுகளிலிருந்து ஒரு பங்கின் அல்லது கல்லூரியின் இளையோர் பணியை ஆராய நான்கு வினாக்களைப் பெறலாம். முதலாவது, கூட்டத்தின் பொருளை முன்மொழிபவர் யார்? இரண்டாவது, குழுவின் நிதியைப் பற்றி முடிவெடுப்பவர் யார்? மூன்றாவது, பொறுப்பாளரின் கருத்துக்கு மாறான முடிவு குழுவில் எப்போதேனும் எடுக்கப்பட்டதா, எடுக்கப்பட்டபின் நிகழ்ந்தது யாது? நான்காவது, அருள்பணியாளர் மாற்றலாகிச் சென்றபின்னும் உறுப்பினர் ஊரைவிட்டுச் சென்றபின்னும் நிலைத்திருப்பது எது?

வருகைப் பதிவேடும் நிகழ்ச்சி எண்ணிக்கையும் இவ்வினாக்களுக்கு விடை தாரா. கள ஆய்வு மேற்கொள்வோர் குழுக்களின் கூட்டக் குறிப்பேடுகளைப் படித்தும், குழுவிலிருந்து விலகியோரை நேர்கண்டும் இவற்றுக்கு விடை காணலாம். விலகியோரின் குரல் ஆய்வுகளில் இடம்பெறுதல் இன்றியமையாதது. தங்கியிருப்போரை மட்டும் வினவும் ஆய்வு வெற்றியை மட்டுமே பதிவு செய்யும்.

முடிவுரை

கத்தோலிக்க இளையோர் பணியின் நோக்கம் இளையோரைக் கோவிலுக்குள் வைத்திருப்பதோடு முடிவதன்று. கிறிஸ்துவைச் சந்தித்து, தம் வாழ்வின் மெய்ந்நிலையை அவர் ஒளியில் தெளிந்து, தாமே தேர்ந்து, உலகில் செயல்படும் ஆளுமைகளாக அவர்கள் முதிர்வதே அதன் நோக்கம். தூரின் நகர் உடனிருப்பின் தேவையைக் காட்டியது. பிரசெல்ஸ் நகர் இளையோரின் முதன்மையைக் காட்டியது. உலக இளையோர் நாள் திருஅவையின் பரப்பை அவர்களுக்கு உணர்த்தியது. மாமன்றமும் ஊக்கவுரையும் இவற்றை ஒருங்கிணைக்க முயன்றன. இவற்றுள் ஒன்று மற்றொன்றை விலக்குவதில்லை. 'கு' என்று தொடங்காத பணி இல்லை. பசித்தவருக்கு முதலில் உணவே வேண்டும். 'கு' என்பது 'ஓடு' ஆகவும், 'ஓடு' என்பது 'ஆல்' ஆகவும் வளர்தல் வேண்டும். அந்த 'ஆல்' கருவிப் பொருளில் நின்றுவிடாமல் கருத்தாப் பொருளை எய்துகிறதா என்பதே பங்குகளும் கல்லூரிகளும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.